சர்வரில் ஓடுவது உரிமையா, சலுகையா?

மாலை வகுப்புக்கு வரும் பாலிடெக்னிக் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "லினக்ஸ்னா ஃப்ரீதானே அக்கா? அப்புறம் ஏன் ரெட் ஹேட்டுக்கு மட்டும் காசு கேக்கறாங்க?" சமூகவியல் படித்துவிட்டு, சாதிச் சான்றிதழுக்கும் கல்வி உதவித்தொகைக்கும் அலுவலகம் அலுவலகமாக அலையும் ஒரு சமூகப் பணியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று சிலருக்குத் தோன்றலாம். நான் இதை நம்முடைய கேள்வி என்றே நினைக்கிறேன். உரிமை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதை வேறொரு தாளில் எழுதி வைக்கும் தந்திரம் நமக்குப் புதியதல்ல, தோழர்களே.

முதலில் அந்த 'ஃப்ரீ' என்ற சொல். ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் அதே சொல், விடுதலைக்கும் அதே சொல். அதனால் அவர்கள் 40 ஆண்டுகளாக விளக்கம் சொல்லியே களைத்துப் போனார்கள். தமிழில் அந்தக் குழப்பம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 இல் குனு திட்டத்தை அறிவித்துத் தொடங்கிய இயக்கம் கேட்டது இரண்டாவதை. ஒரு மென்பொருளை எந்த வேலைக்கும் ஓட்டலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று படித்து மாற்றலாம், பிரதி எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இந்த நான்கும் இருந்தால் அது கட்டற்ற மென்பொருள். அதற்கு 1 லட்சம் ரூபாய் விலை வைத்து விற்றாலும் அது கட்டற்றதுதான். காசே வாங்காமல் கொடுத்தாலும் இந்த நான்கில் ஒன்று இல்லையென்றால் அது கட்டற்றது அல்ல.

நம் ஊரில் 'இலவசம்' என்ற சொல் சுமக்கும் அவமானத்தை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெண்கள் பேருந்தில் கட்டணமில்லாமல் போவதை ஓர் அமைச்சரே மேடையில் 'ஓசி' என்று சொன்ன நாடு இது. 2011 இல் தமிழ்நாட்டு அரசு கொடுத்த மடிக்கணினிக்கு 'விலையில்லா' என்று பெயர் வைத்ததும் அந்த அவமானத்தைக் கொஞ்சம் துடைக்கத்தான். எங்கள் பிள்ளையார்குப்பத்தைச் சுற்றித் தமிழ்நாட்டு எல்லை வளைந்து வளைந்து போகிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அந்த மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இங்கே வருவார்கள். அதில் விண்டோஸும் இருக்கும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கும். நான் பார்த்த பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாவதை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. விலையில்லாமல் வந்த ஒன்றுக்குள்ளே விடுதலையும் சேர்ந்து வந்திருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆசிரியர்களுக்கே யாரும் சொல்லவில்லை என்பது என் சந்தேகம்.

இப்போது ரெட் ஹேட் விஷயம். வங்கிகள், தொலைபேசி நிறுவனங்கள், அரசுத் துறைகள் எனப் பெரிய பெரிய இடங்களின் சர்வர்களில் ஓடுவது ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ். இதை உருவாக்கிய ரெட் ஹேட் நிறுவனத்தை ஐபிஎம் 3,400 கோடி டாலர் கொடுத்து 2019 ஜூலையில் வாங்கியது. உள்ளே இருக்கும் லினக்ஸ் கருநிரலும், அதனோடு வரும் ஆயிரக்கணக்கான நிரல்களும் பெரும்பாலும் ஜிபிஎல் அல்லது அதைப் போன்ற கட்டற்ற உரிமங்களில் வருபவை. ரெட் ஹேட் மட்டும் எழுதியவை அல்ல. உலகம் முழுக்கப் பல பேர், பல நிறுவனங்கள், சம்பளம் வாங்கியும் வாங்காமலும் எழுதியவை. ரெட் ஹேட் அவற்றைச் சேர்த்து, சோதித்து, பத்தாண்டு காலம் ஓட்டை அடைத்துத் தருகிறது. அதற்குச் சந்தா வாங்குகிறது. இதுவரை யாருக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜிபிஎல் உரிமம் ஒரு நிபந்தனை போடுகிறது: ஓடுகிற மென்பொருளை ஒருவருக்குக் கொடுத்தால், அதன் மூலநிரலையும் அவருக்குக் கொடுக்க வேண்டும், அவர் அதை மற்றவருக்குக் கொடுப்பதைத் தடுக்கக் கூடாது. பல ஆண்டுகள் ரெட் ஹேட் அந்த மூலநிரலை வாடிக்கையாளர், வாடிக்கையாளர் அல்லாதவர் என்று பார்க்காமல் பொதுவில் வைத்தது. 2004 இல் சிலர் அதை எடுத்து, ரெட் ஹேட்டின் பெயரையும் சின்னத்தையும் நீக்கி, மறுபடி கட்டி, சென்ட்ஓஎஸ் என்று வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகமும் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகமும் அதே மூலநிரலிலிருந்து சயின்டிஃபிக் லினக்ஸ் என்று தங்களுக்கு ஒன்று செய்துகொண்டன. நம்மைப் பொறுத்தவரை முக்கியம் இதுதான்: சந்தா கட்ட வழியில்லாத ஒரு மாணவர், வேலை விளம்பரத்தில் 'ரெட் ஹேட் தெரிந்திருக்க வேண்டும்' என்று பார்த்தால், வீட்டில் பழைய கணினியில் சென்ட்ஓஎஸ் போட்டுக் கற்றுக்கொண்டு நேர்காணலுக்குப் போகலாம். கட்டளைக்குக் கட்டளை அதேதான். முதல் தலைமுறையாகக் கணினி வேலைக்குப் போன நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறார்கள்.

2014 இல் ரெட் ஹேட்டே சென்ட்ஓஎஸ்ஸைத் தன் அணைப்பில் எடுத்துக்கொண்டது. 2020 டிசம்பர் 8 அன்று, 2029 வரை பராமரிக்கப்படும் என்று எல்லோரும் நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 இறுதியோடு நின்றுவிடும் என்று அறிவிப்பு வந்தது. அதற்குப் பதில் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் இருக்கும். அது ரெட் ஹேட்டின் அடுத்த பதிப்புக்கு முன்னோட்டம், இப்போதைய பதிப்பின் நகல் அல்ல. சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சர் உடனே ராக்கி லினக்ஸைத் தொடங்கினார். இறந்துபோன தன் பழைய கூட்டாளியின் பெயரை அதற்கு வைத்தார். அல்மாலினக்ஸும் வந்தது. இரண்டும் பழையபடி ரெட் ஹேட்டின் பொது மூலநிரலை எடுத்து மறுபடி கட்டின.

2023 ஜூன் 21 அன்று அந்தக் குழாயும் அடைக்கப்பட்டது. இனிப் பொதுவில் கிடைப்பது ஸ்ட்ரீமின் மூலநிரல் மட்டும். என்டர்பிரைஸ் லினக்ஸின் மூலநிரல் வேண்டுமென்றால் வாடிக்கையாளராகக் கணக்கு வைத்து உள்ளே நுழைந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றது நிறுவனம். உள்ளே நுழையும்போது ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது: எங்களிடமிருந்து பெற்றதை வெளியாருக்குக் கொடுத்தால், உங்கள் சந்தாவை நாங்கள் முறித்துக்கொள்ளலாம்.

இங்கேதான் நம் கேள்வி நிற்கிறது. ரெட் ஹேட் ஜிபிஎல்லை மீறியதா?

சட்டம் படித்தவர்கள் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். ஒரு பக்கம் சொல்வது: ஜிபிஎல் கேட்பது ஓடுகிற மென்பொருளைப் பெற்றவருக்கு மூலநிரல் தர வேண்டும் என்பது. ஊருக்கெல்லாம் தர வேண்டும் என்று அது கேட்கவில்லை. ரெட் ஹேட் தன் வாடிக்கையாளருக்குத் தருகிறது. வாடிக்கையாளர் அதைப் பகிர்ந்தால் வழக்குப் போடப் போவதில்லை, தடுக்கவும் போவதில்லை. அடுத்த ஆண்டு அவரோடு வியாபாரம் செய்ய மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். யாரோடு வியாபாரம் செய்வது என்பது அவரவர் விருப்பம் அல்லவா?

மறுபக்கம் சொல்வது: ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் 6ஆம் பிரிவு, பெறுபவர் தன் உரிமைகளைப் பயன்படுத்துவதன்மேல் கூடுதல் கட்டுப்பாடு எதையும் சுமத்தக் கூடாது என்கிறது. உரிமையைப் பயன்படுத்தினால் சேவையும் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோகும் என்பது கட்டுப்பாடு இல்லையென்றால் வேறு எது கட்டுப்பாடு? சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அமைப்பின் பிராட்லி குன் இதைப் பற்றி நீளமாக எழுதினார். அவர் சொன்னதன் சாரம்: உரிமையைப் பயன்படுத்திக்கொள், ஆனால் அதன்பிறகு உன் காசு எங்கள் கடையில் செல்லாது. இதே மாதிரியான ஏற்பாடு ஒன்றை லினக்ஸ் கருநிரலுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை விற்ற கிரேசெக்யூரிட்டி என்ற தயாரிப்பு விஷயத்தில் புரூஸ் பெரன்ஸ் 2017 இல் விமர்சித்தார். அதை விற்ற நிறுவனம் அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டது. அமெரிக்க நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2020 இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. ஆனால் அவர் சொன்னது கருத்து, கருத்துக்கு அவதூறு வழக்கு நிற்காது என்றுதான் தீர்ப்பு. அந்த ஏற்பாடு ஜிபிஎல் மீறலா இல்லையா என்பதை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

சமூகவியல் மாணவியாக எனக்குச் சட்டக் கேள்வியைவிட இந்த முறை ஆர்வம் தருகிறது. உரிமையை மறுக்க வேண்டாம். உரிமையைப் பயன்படுத்துபவரைத் தனிமைப்படுத்தினால் போதும். இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது?

மஹாட் குளத்தின் கதையை நாம் 1927 மார்ச் 20 இலிருந்து சொல்லிப் பழகிவிட்டோம். அதற்கு முன்பே தாளில் உரிமை வந்துவிட்டது. 1923 இல் பம்பாய் சட்டமன்றம் போலேயின் தீர்மானத்தை நிறைவேற்றியது: பொதுக் குளங்கள், கிணறுகள், பள்ளிகள் எல்லாம் தீண்டப்படாதோருக்கும் திறந்தவை. 1924 இல் மஹாட் நகராட்சியும் சவ்தார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. உரிமம் கையில். ஆனால் 1927 வரை அந்தத் தண்ணீரை நம்மவர் யாரும் தொடவில்லை. தொட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தொட்ட அன்றே அடி விழுந்தது. பிறகு நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. சாதி இந்துக்கள் நீதிமன்றத்துக்குப் போய், இது பொதுக் குளமே இல்லை, தனியார் சொத்து என்று வாதாடினார்கள். அந்த வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிய 1937 ஆனது.

இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள். 1930 இல் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் நம்முடைய இரட்டைமலை சீனிவாசனும் கொடுத்த கோரிக்கைகளில் ஒன்று, சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்க வேண்டும் என்பது. 1922 இன் பர்மா புறக்கணிப்புத் தடைச் சட்டத்தின் வாசகங்களை எடுத்து அதில் வைத்தார்கள். வேலை கொடுக்க மறுப்பது, நிலம் குத்தகைக்கு விட மறுப்பது, சாமான் விற்க மறுப்பது, வழக்கமாகச் செய்யும் கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது: இவையெல்லாம் ஒருவர் தன் சட்ட உரிமையைப் பயன்படுத்தியதற்காகச் செய்யப்பட்டால் குற்றம். 'யாரோடு வியாபாரம் செய்வது என் விருப்பம்' என்ற வாதம் எவ்வளவு பெரிய ஆயுதம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைத் தெளிவாகக் குற்றம் என்று எழுதியது 2015 திருத்தத்தில்தான். 85 ஆண்டுகள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருள் நிறுவனம் சந்தாவை முறிப்பதும், ஊர்க்கட்டுப்பாடு போட்டு ஒரு காலனிக்குப் பாலும் கூலியும் நிறுத்துவதும் ஒன்றல்ல. ஒன்று வியாபாரம், இன்னொன்று வன்முறை. ரெட் ஹேட்டின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கோடிக்கணக்கில் புரளும் நிறுவனங்கள். அவர்களுக்காகக் கண்ணீர் விட எனக்கு நேரமில்லை. நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு பாடம்தான்: ஓர் உரிமை இருக்கிறதா என்று பார்க்க அதை எழுதிய தாளை மட்டும் படித்தால் போதாது. அதைப் பயன்படுத்தியவருக்கு மறுநாள் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் என் விடை இது. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸுக்குள் இருக்கும் நிரல்கள் கட்டற்ற மென்பொருள். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ரெட் ஹேட் விற்கும் அந்த மொத்தப் பொருளைக் கட்டற்றது என்று நான் மாணவர்களுக்குச் சொல்ல மாட்டேன். மூன்றாவது சுதந்திரத்தை, அதாவது பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் சுதந்திரத்தை, பயன்படுத்தாமல் இருப்பவருக்கு மட்டுமே அது தொடர்ந்து கிடைக்கிறது. பயன்படுத்தாத வரைக்கும் இருக்கும் உரிமை என்பது மஹாட்டில் 1924 முதல் 1927 வரை இருந்த உரிமை.

"ஆனா அக்கா, இப்போ ரெட் ஹேட்டே ஃப்ரீயா கொடுக்கறாங்களே" என்று ஒரு மாணவி கேட்டாள். உண்மை. 2021 முதல் தனிநபர் ஒருவர் கணக்குத் தொடங்கி 16 கணினிகள் வரை காசு கட்டாமல் என்டர்பிரைஸ் லினக்ஸை ஓட்டலாம். கற்றுக்கொள்ள நல்ல வாய்ப்பு, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் அதன் பெயர் சலுகை. கொடுப்பவர் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறார், யாருக்கு என்று தீர்மானிக்கிறார், எப்போது நிறுத்துவது என்றும் அவரே தீர்மானிக்கிறார். 16 என்பது நாளை 4 ஆகலாம். உரிமைக்கும் சலுகைக்கும் வித்தியாசம் தெரியாத அரசியல் நம்முடையது அல்ல. அவர்கள் இலவசமாகத் தந்ததும், கட்டற்றதாக இருந்தது போனதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தன என்பதைக் கவனியுங்கள்.

ரெட் ஹேட் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த முடிவுக்குச் சில நாட்கள் கழித்து நிறுவனத்தின் துணைத் தலைவர் மைக் மெக்ராத் எழுதிய விளக்கத்தின் சாரம்: எங்கள் ஊழியர்களின் உழைப்பை அப்படியே நகலெடுத்து, எதையும் சேர்க்காமல், தங்கள் லாபத்துக்கு விற்பவர்களுக்கு நாங்கள் ஏன் வேலையைச் சுலபமாக்கித் தர வேண்டும்? இது வெற்று வாதம் அல்ல. 2006 முதல் ஆரக்கிள் போன்ற ராட்சத நிறுவனம் ரெட் ஹேட்டின் மூலநிரலை எடுத்து ஆரக்கிள் லினக்ஸ் என்று வெளியிட்டு அதற்கு ஆதரவுச் சேவை விற்கிறது. 2023 ஆகஸ்டில் ஆரக்கிள், சூசே, ராக்கிக்குப் பின்னால் இருக்கும் சிஐக்யூ ஆகிய மூன்றும் சேர்ந்து ஓப்பன்இஎல்ஏ என்று ஒரு கூட்டமைப்பு அமைத்தபோது, 'சுதந்திரம்' பற்றி ஆரக்கிள் பேசுவதைக் கேட்டுச் சிரிக்காதவர் யார்? உழைத்தவருக்குக் கூலி வேண்டும் என்பதை நாம் மறுத்தால் நம் அரசியலுக்கே அர்த்தம் இல்லை.

ஆனாலும் அந்த உழைப்பின் கணக்கைக் கொஞ்சம் பின்னோக்கிப் போட்டுப் பார்க்க வேண்டும். ரெட் ஹேட் இந்த நிலத்தை வெறும் தரிசாகக் கண்டெடுக்கவில்லை. குனு கருவிகள், கருநிரல், நூலகங்கள் எல்லாம் ஏற்கெனவே உழுது விதைத்த பொது நிலம். பொது நிலத்தில் விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகும் உரிமையை ஜிபிஎல் எல்லோருக்கும் தருகிறது, ரெட் ஹேட்டுக்கும்தான். அவர்களும் நிறையத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கருநிரலில் அவர்கள் பங்கு பெரியது. ஆனால் தான் பொதுவிலிருந்து எடுத்தது வியாபாரம், பிறர் தன்னிடமிருந்து எடுப்பது ஓசி என்ற கணக்கு மட்டும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 'ஓசியில் வாழ்கிறவர்கள்' என்ற பழி எப்போதும் மேலிருந்து கீழேதான் விழுகிறது.

ஓர் இடைக்குறிப்பு. இதைப் படித்துவிட்டு ஐபிஎம்மை மொத்தமாக வில்லனாக்க வேண்டாம். அமெரிக்காவில் சிஸ்கோ நிறுவனத்தின் மீது 2020 இல் கலிபோர்னியா அரசுத் துறை சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தபிறகு, தன் உலகளாவிய பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதி என்ற சொல்லைச் சேர்த்த நிறுவனங்களில் ஐபிஎம்மும் ஒன்று. இன்னும் அதைச் சேர்க்காத இந்திய நிறுவனங்கள் வெட்கப்பட வேண்டும்.

சுத்தக் கணக்குப் பார்ப்பவர்கள் இன்னும் ஒன்றைச் சொல்வார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஏற்கும் இயங்குதளங்களின் பட்டியலில் ரெட் ஹேட்டும் இல்லை, டெபியனும் இல்லை, உபுண்டுவும் இல்லை. வைஃபை, கிராபிக்ஸ் போன்ற வன்பொருளை ஓட்டத் தேவையான, மூலநிரல் இல்லாத சிறு கோப்புகளுக்கு இவை இடம் தருவதுதான் முக்கியக் காரணங்களில் ஒன்று. கொள்கை அளவில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் 12 ஆண்டு பழைய நன்கொடைக் கணினியில் வைஃபை வேலை செய்தால்தான் எங்கள் வகுப்பு நடக்கும். எங்களிடம் ஓடுவது டெபியன். அதை யாரும் கேட்டு வாங்கலாம், பென்டிரைவில் கொண்டுபோகலாம், கொண்டுபோனதற்காக யாரும் எங்களைக் கணக்கிலிருந்து நீக்க மாட்டார்கள். நிறுவனத்தின் சொத்தாக இல்லாமல், எழுதி வைத்த சமூக ஒப்பந்தத்தின்படி தன்னார்வலர்கள் வாக்களித்து நடத்தும் அமைப்பு அது. எனக்கு இது போதும்.

நம் பக்கத்து வரலாற்றுக்கு வருவோம். 2006 வாக்கில் தமிழ்நாட்டின் எல்காட் நிறுவனத்தை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றியவர் அதன் அப்போதைய நிர்வாக இயக்குநர் உமாசங்கர் ஐஏஎஸ். அதே அதிகாரிதான் 2010 இல் சாதிச் சான்றிதழைக் காரணம் காட்டி இடைநீக்கம் செய்யப்பட்டார். எதிர்ப்புக் கிளம்பிய சில வாரங்களில் அந்த இடைநீக்கம் திரும்பப் பெறப்பட்டது. நம் பிள்ளைகள் லினக்ஸ் வரலாறு படிக்கும்போது ஃபின்லாந்துக்காரர் பெயரோடு இந்தப் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். அதே நேரம் இதையும் சொல்ல வேண்டும்: எல்காட் தேர்ந்தெடுத்தது சூசே லினக்ஸ். அன்று நோவெல் நிறுவனத்தின் சொத்து. அந்த நோவெல் 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்டுடன் காப்புரிமை ஒப்பந்தம் போட்டுக் கட்டற்ற மென்பொருள் உலகத்தின் கோபத்தைச் சம்பாதித்தது. விண்டோஸிலிருந்து வெளியேறுவது வேறு, ஒரு நிறுவனத்தின் பிடியிலிருந்து வெளியேறுவது வேறு. முதலாவது நடந்தது. இரண்டாவது இன்னும் பாக்கி. கேரளம் பள்ளிகளில் அதை நம்மைவிடத் தள்ளிக் கொண்டுபோயிருக்கிறது. அங்கே அரசின் கைட் நிறுவனமே பள்ளிகளுக்கான இயங்குதளத்தை உபுண்டுவிலிருந்து வடிவமைத்துத் தருகிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அதிலேயே.

ஒன்றிய அரசுக்கும் இதில் எழுதப்பட்ட கொள்கை இருக்கிறது. 2015 மார்ச்சில் வந்த திறமூல மென்பொருள் ஏற்புக் கொள்கை, எது திறமூலம் என்றும் வரையறுக்கிறது: மூலநிரலைப் படிக்க, மாற்ற, மூலத்தையோ மாற்றியதையோ பிரதியெடுத்துப் பகிரப் பயன்படுத்துபவருக்கு உரிமை இருக்க வேண்டும், மூலநிரலுக்கு ராயல்டி கூடாது. நல்ல வரையறை. பகிர்ந்தால் முறித்துக்கொள்வேன் என்று ஒப்பந்தம் சொல்லும் ஒரு பொருள் இதற்குள் அடங்குமா? டெண்டர் எழுதும் அதிகாரிகள் யாராவது இதைக் கேட்டிருக்கிறார்களா? சாதிச் சான்றிதழும் ரேஷன் அட்டையும் உதவித்தொகை விண்ணப்பமும் இன்று ஏதோ ஒரு சர்வரில்தான் இருக்கின்றன. ஒரு மாணவியின் விண்ணப்பம் 'பரிசீலனையில்' என்ற ஒரே சொல்லோடு 7 மாதம் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எந்த நிரல், எந்த விதிப்படி அதை நிறுத்தியது என்று கேட்க ஓர் ஆள் கிடைக்கவில்லை. அந்தச் சர்வரின் இயங்குதளம் கட்டற்றதாக இருந்திருந்தால் மட்டும் உடனே பணம் வந்திருக்காது. உண்மைதான். ஆனால் நம் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இயந்திரங்களைத் திறந்து பார்க்கும் உரிமை என்பது அடியிலிருந்து மேல்வரை ஒரே கோரிக்கை. அடித்தளத்தை ஒப்பந்தத்தில் பூட்டிவிட்டு மேலே இருப்பதைத் திற என்று கேட்க முடியாது.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தவரிடமும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. உரிமம் யாருடைய சாதியையும் கேட்பதில்லை என்று பெருமையாகச் சொல்கிறார்கள். சரி. ஆனால் நிரலைப் படிக்கும் சுதந்திரம் இங்கிலீஷ் படித்தவருக்கு, மாலையில் நேரம் இருப்பவருக்கு, வீட்டில் தனி மேசை இருப்பவருக்கு. கரும்பு வெட்டிவிட்டு வரும் அப்பாவுக்குச் சோறாக்கி வைத்துவிட்டு வகுப்புக்கு வரும் பெண்ணுக்கு, நான்கு சுதந்திரங்களில் இரண்டு காகிதத்தில்தான். பெங்களூரில் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் அம்பேத்கர் சமூகக் கணினி மையத்தைக் கட்டற்ற மென்பொருள் தோழர்கள் நடத்திக் காட்டினார்கள். குடிசைப் பிள்ளைகள் கிம்ப்பில் வரைந்தார்கள். புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கத்தவர் இருக்கிறார்கள். அவர்கள் நகரத்துக் கல்லூரிகளோடு நிற்காமல் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் காலனிகளுக்கும் வர வேண்டும். நாமும் அழைக்க வேண்டும்.

கல்லூரியில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் கல்லூரி அரசுக் கல்லூரி என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்வி கேளுங்கள். கல்லூரி சர்வர்களில் ஓடும் இயங்குதளங்கள் எவை? அவற்றுக்கு ஆண்டுக்கு எவ்வளவு சந்தா கட்டப்படுகிறது? அந்தச் சந்தா ஒப்பந்தத்தின் நகல், மென்பொருளைப் பிறருக்குப் பகிர்வது பற்றிய விதிகளோடு. கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை; 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவின் மாதிரியைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை மாலை வகுப்புக்கு வருபவர்களுக்கு அச்செடுத்துத் தருகிறேன், பென்டிரைவ் கொண்டுவந்தால் டெபியனும் போட்டுத் தருகிறோம்.